காலியாக விடப்படும் கட்டம்: மரபணுவும் கொலஸ்ட்ராலும் இதயமும்



ஆயுள் காப்பீட்டிற்கான முன்மொழிவுப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. தந்தை, தாய், உடன்பிறந்தோர் ஆகியோரின் வயது, உடல்நிலை, காலமாகியிருப்பின் அப்போதைய வயது, அதற்கான காரணம் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வங்கிக் கிளைகளில் இத்தகைய படிவங்களைப் பெற்று வரும் நம் அனுபவத்தில், மிகக் குறைந்த கவனத்துடன் நிரப்பப்படுவது இந்தக் கட்டமே. சிலர் அதைக் காலியாக விட்டுவிடுவர். சிலர் ஒரு கோடு இழுப்பர். வேறு சிலர் 'இயற்கை மரணம்' என்று எழுதி முடிப்பர். ஐம்பது வயதுகூட நிரம்பாத தந்தையின் மறைவு எவ்வாறு இயற்கை மரணமாகும் என்று நாமும் அவர்களைக் கேட்டதில்லை.

அந்தக் கட்டம் காப்பீட்டு நிறுவனத்தின் வசதிக்காக மட்டும் அச்சிடப்பட்டதன்று. அதை நிரப்புவோரின் குடும்பத்திற்கே அது பெரிதும் பயன்படக்கூடியது. இதனை நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். அவ்வுணர்வைத் தந்த நிகழ்ச்சியிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குவோம்.

ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு முன்பு மும்பைப் புறநகர்க் கிளை ஒன்றில் நாம் பணியாற்றி வந்தோம். அப்பகுதியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்த் தமக்குரிய தொகையைக் கோரி வந்தார். அவருடைய கணவர் 41 வயதில் மாரடைப்பால் காலமாகியிருந்தார். அவர் புகைப்பழக்கம் இல்லாதவர். மெலிந்த உடல்வாகு கொண்டவர். நம் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர். படிவத்தில் கையொப்பமிட்டுக்கொண்டே அந்த அம்மையார், "இவருடைய அப்பாவும் நாற்பத்தாறு வயதில் இப்படித்தான் போனார், சார். இந்த வீட்டு ஆண்களுக்கு எழுதி வைத்தது அவ்வளவுதான்" என்றார். அவருக்கு அருகில் பதினான்கு வயது மகன் நின்றுகொண்டிருந்தான்.

காப்பீட்டுத் தொகை இரண்டு இலட்சம் ரூபாய் அவருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அதனை நிரந்தர வைப்பில் இடுமாறு அறிவுரை கூறினோம். மகனின் மேற்படிப்பிற்கு உதவும் என்றோம். நம் கடமை நிறைவேறியது என்று எண்ணினோம்.

பின்னர் ஒரு நாள், வங்கி ஊழியர்களுக்கான மருத்துவ முகாமில் இதயநோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையைக் கேட்டபோதுதான், அந்த அம்மையார் கூறிய சொற்களின் முழுப் பொருளும் விளங்கியது. 'எழுதி வைத்தது' என்று அவர் கூறியதில் உண்மை உண்டு. எழுதப்பட்ட இடம் மரபணு. ஆனால் 'அவ்வளவுதான்' என்பது உண்மையன்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் வணிகவியல் பயின்றோமேயன்றி மருத்துவம் பயின்றோமல்லோம். ஆகவே, படித்தும் கேட்டும் அறிந்தவற்றை நமக்குப் பழக்கமான கணக்கு மொழியிலேயே கூற முயல்கிறோம்.

கொலஸ்ட்ரால் யாது?

கொலஸ்ட்ரால் என்றதும் அதனை ஒரு நஞ்சாகவே பலரும் கருதுகின்றனர். உண்மையில் உயிரணுக்களின் சவ்வு அமைவதற்கும், சில ஹார்மோன்களும் பித்தநீரும் உருவாவதற்கும் அது இன்றியமையாதது. அதன் பெரும்பகுதியை நம் உடலே உற்பத்தி செய்கிறது. அதில் கல்லீரலின் பங்கு முதன்மையானது. உணவின் வழியே வருவது அதனினும் குறைவு. எண்ணெயும் நெய்யும் மிகக் குறைவாக உண்ணும் ஒருவருக்கும் கொலஸ்ட்ரால் மிகுந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

கொழுப்புப் பொருள் நீரில் கரையாதது போலவே குருதியிலும் கரைவதில்லை. ஆகவே புரதத்தால் ஆன சிறு உருண்டைகளில் ஏற்றப்பட்டே அது குருதியில் பயணம் செய்கிறது. அவ்வுருண்டைகளுள் எல்.டி.எல். எனப்படுபவை அளவுக்கு மிஞ்சினால் தமனிகளின் உட்சுவரில் நுழைந்து தங்கிவிடுகின்றன. அங்குப் படிவு உண்டாகிறது. ஒரு நாள் அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் குருதி உறைந்து, இதயத் தசைக்குச் செல்லும் ஓட்டம் தடைப்படுவதே பெரும்பாலான மாரடைப்புகளின் காரணம். மாரடைப்பு ஒரு நாளில் நிகழ்கிறது. அதற்கான படிவோ பல பத்தாண்டுகளாகச் சேர்கிறது.

கல்லீரலின் கவுண்டர்கள்

குருதியில் சுற்றிவரும் எல்.டி.எல். உருண்டைகளைத் திரும்பப் பெறுவதற்குக் கல்லீரல் உயிரணுக்களின் மேற்பரப்பில் 'ஏற்பிகள்' உள்ளன. வங்கியில் பணம் பெறும் கவுண்டர்களாக அவற்றைக் கருதலாம். கவுண்டர்கள் போதிய அளவில் இயங்கினால் வரிசை நீளாது. அவற்றுள் பாதி மூடப்பட்டிருந்தால் வரிசை வாயிலைக் கடந்து தெருவிற்கு வந்துவிடும். எல்.டி.எல். அளவு மிகுவதும் இவ்வாறே.

இந்த ஏற்பியைக் கண்டறிந்தவர்கள், அமெரிக்காவின் டல்லஸ் நகர மருத்துவ ஆய்வாளர்களான மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவர். பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிக உயர்ந்திருந்த நோயாளிகளின் தோலிலிருந்து பெற்ற உயிரணுக்களை 1970களின் தொடக்கத்தில் ஆராய்ந்த அவர்கள், அவற்றில் எல்.டி.எல். ஏற்பி செயற்படாமையைக் கண்டனர். இப்பணிக்காக அவ்விருவருக்கும் 1985ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஏற்பியை உருவாக்குவதற்கான குறிப்பு ஒரு மரபணுவில் உள்ளது. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக அம்மரபணுவின் இரு படிகள் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று பழுதுற்றிருந்தால் ஏற்பிகளில் ஏறத்தாழ பாதியே செயற்படும்; எல்.டி.எல். அளவு ஏறக்குறைய இருமடங்காகும். இந்நிலை 'குடும்பவழி உயர் கொலஸ்ட்ரால்' எனப்படும். சராசரியாக 250 பேரில் ஒருவருக்கு இது உள்ளது. ஒரு நடுத்தரக் கிளையின் வாடிக்கையாளர் பட்டியலில் பத்தாயிரம் பெயர்கள் இருந்தால், அவர்களுள் ஏறத்தாழ நாற்பது பேர் இந்நிலையுடன் வாழ்பவர்கள் என்று கொள்ளலாம். அவர்களுள் பெரும்பாலோர் அதனை அறியார். சிகிச்சை பெறாவிடில், இந்நிலை உடைய ஆண்களுள் ஏறத்தாழ பாதிப் பேர் ஐம்பது வயதிற்குள் இதயத் தமனி நோய்க்கு ஆளாகின்றனர். இரு படிகளுமே பழுதுற்றுப் பிறப்போர் மிக அரியவர்; அவர்களுக்குக் குழந்தைப் பருவத்திலேயே மாரடைப்பு நேரக்கூடும்.

பெற்றோருள் ஒருவருக்கு இந்நிலை இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி; நாணயத்தைச் சுண்டுவது போன்றது. ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் இல்லை. 'இந்த வீட்டு ஆண்களுக்கு' என்று அந்த அம்மையார் கூறியது, பெண்களுக்கு இதயநோய் பொதுவாகச் சில ஆண்டுகள் தாமதித்து வருவதால் ஏற்படும் தோற்றமே. பெண்மக்களைச் சோதிக்காமல் விடுவது பெரும் பிழையாகும்.

கவுண்டரை மூடும் புரதம்

இதே இயக்கத்தின் மறுபக்கத்தைக் காட்டிய கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு. உயர் கொலஸ்ட்ரால் உடைய பிரெஞ்சுக் குடும்பங்கள் சிலவற்றில் ஏற்பியின் மரபணு பழுதின்றி இருந்தது. காரணம் வேறொரு மரபணுவில் உள்ளது என்பது 2003ஆம் ஆண்டில் தெரிய வந்தது. பி.சி.எஸ்.கே.9 எனப்படும் புரதம், ஏற்பியைப் பற்றிக்கொண்டு உயிரணுவினுள் அழிவிற்கு அனுப்புகிறது. அக்குடும்பங்களில் இப்புரதம் அளவுக்கு மிஞ்சிச் செயற்பட்டது. கவுண்டர்கள் விரைவாக மூடப்பட்டன.

அப்படியாயின், இப்புரதம் குறைவாகச் செயற்படுமாறு பிறந்தவர்கள் யாரேனும் உளரா என்ற வினாவை டல்லஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் ஆகியோர் எழுப்பினர். அத்தகையோரைக் கண்டும் பிடித்தனர். 2006ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கக் கறுப்பின மக்களுள் 2.6 விழுக்காட்டினரிடம் இப்புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் மரபணு மாறுபாடு இருந்தது. அவர்களுடைய எல்.டி.எல். சராசரியாக 28 விழுக்காடு குறைவு. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பில் அவர்களுக்கு இதயத் தமனி நோய் ஏற்பட்டதோ 88 விழுக்காடு குறைவு.

இந்த இரு எண்களையும் அருகருகே வைத்து நோக்குக. எல்.டி.எல். கால் பங்கிற்குச் சற்று மேல் குறைந்திருக்க, நோய் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது எவ்வாறு? இதன் விடையை வங்கி வாடிக்கையாளர்கள் எளிதில் உணர்வர். சேமிப்புக் கணக்கின் வட்டி, ஒரு நாளின் இருப்பைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. ஒவ்வொரு நாளின் இருப்பும் கூட்டப்பட்டே கணக்கிடப்படுகிறது. தமனிச் சுவரும் அவ்வாறே கணக்கு வைக்கிறது. எல்.டி.எல். அளவையும் அது நீடித்த ஆண்டுகளையும் பெருக்கிப் பாருங்கள். பிறந்தது முதல் 200 மில்லிகிராம் அளவுடன் வாழும் ஒருவர் தம் 25ஆம் வயதில் 5,000 என்ற எண்ணை எட்டுகிறார். 100 மில்லிகிராம் அளவுடன் வாழ்பவர் அதே எண்ணை எட்டுவது 50ஆம் வயதில். இது விளக்கத்திற்கான எளிய கணக்கே. எனினும் அடிப்படை உண்மை இதுதான். பிறவி முதலே சிறிதளவு குறைந்த கொலஸ்ட்ரால், ஐம்பதாம் வயதில் பெருமளவு குறைக்கப்பட்ட கொலஸ்ட்ராலைக் காட்டிலும் மிகுந்த பாதுகாப்பைத் தருகிறது. தொடங்கும் காலம் முந்துவதே பெரிய ஆதாயம். வைப்புத் தொகைக்கும் அதுவே விதி.

இதன் பயனாக, பி.சி.எஸ்.கே.9 புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டிற்கு வந்தன. அவற்றிற்கு நெடுங்காலம் முன்பே வந்த ஸ்டாட்டின் மாத்திரைகளும் இதே கவுண்டர்களையே பயன்படுத்துகின்றன. ஜப்பானிய ஆய்வாளர் அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளைச் சோதித்து, 1973இல் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். அது கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது. தனக்குத் தேவையானதைக் குருதியிலிருந்து பெறுவதற்காகக் கல்லீரல் மேலும் பல ஏற்பிகளைத் திறக்கிறது.

வழக்கமான சோதனையில் வாராத ஒன்று

நம்மில் பலர் ஆண்டுதோறும் லிப்பிட் புரொஃபைல் சோதனை செய்துகொள்கிறோம். மொத்தக் கொலஸ்ட்ரால், எல்.டி.எல்., எச்.டி.எல்., டிரைகிளிசரைடு ஆகியவை அதில் இடம்பெறும். லிப்போபுரோட்டீன்-ஏ என்பது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. நார்வே நாட்டு அறிஞர் கோரே பெர்க் 1963ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டறிந்தார். எல்.டி.எல். உருண்டையின்மீது மற்றொரு புரதம் கொக்கி போல ஒட்டியிருப்பதே இதன் அமைப்பு.

இதன் அளவைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஒரே ஒரு மரபணு. உணவோ உடற்பயிற்சியோ அதனைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதில்லை. உலக மக்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது 50 மில்லிகிராமிற்கு மேல் உள்ளது. ஐரோப்பியரைக் காட்டிலும் தெற்காசியரிடம் இதன் அளவு பொதுவாகச் சற்று மிகுதி. எல்.டி.எல். இயல்பாக இருந்தும் இளவயதில் மாரடைப்பு வரும் சில குடும்பங்களில் இதுவே மறைந்திருக்கும் காரணம்.

மாற்ற இயலாத ஒன்றை அறிவதால் யாது பயன் என்று கேட்கலாம். ஒரு கடன் பொறுப்பு இருப்பது தெரிந்தால் பிற செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறோம் அல்லவா? அதுபோல, இது மிகுந்திருப்போர் எல்.டி.எல்., இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய மற்றவற்றில் கூடுதல் கண்டிப்புடன் இருத்தல் வேண்டும். இதன் அளவு வாழ்நாளில் பெரிதும் மாறுவதில்லையாதலால், பொதுவாக ஒரு முறை சோதித்தாலே போதும்.

திருடனும் எச்சரிக்கை மணியும்

தமனிச் சுவரில் கொழுப்பு தங்குவதோடு நோய் முடிந்துவிடுவதில்லை. அதனை அந்நியப் பொருளாகக் கருதி உடலின் காவற்படை அங்கே திரள்கிறது. இதுவே அழற்சி. படிவு பெருகுவதிலும் இறுதியில் அது வெடிப்பதிலும் அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. உடலில் அழற்சி மிகுந்தால் சி.ஆர்.பி. என்னும் புரதம் குருதியில் உயர்கிறது. அது உயர்ந்திருப்போருக்கு மாரடைப்பும் மிகுதியாக வருகிறது என்பது நெடுங்காலமாகத் தெரியும்.

ஆயினும், சி.ஆர்.பி. மாரடைப்பை உண்டாக்குகிறதா, அன்றி மாரடைப்பு வரவிருப்பதை அறிவிக்க மட்டும் செய்கிறதா? வங்கியில் எச்சரிக்கை மணி ஒலிக்கும்போதெல்லாம் திருடனும் இருக்கிறான் என்பதற்காக, மணியே திருடுகிறது என்று கூற இயலாது. இந்த ஐயத்தைத் தீர்க்க மரபணு வேறுபாடே துணை நின்றது. கருவாகும் தருணத்தில் எந்த மரபணுப் படி யாருக்குக் கிடைக்கும் என்பது குலுக்கல் போன்றது. செல்வம், கல்வி, உணவுப் பழக்கம் ஆகியவற்றைப் பார்த்து அது வழங்கப்படுவதில்லை. ஆகவே, ஒரு பொருள் மிகுமாறு பிறந்தோரையும் குறையுமாறு பிறந்தோரையும் ஒப்பிட்டால், அப்பொருள் நோய்க்குக் காரணமா இல்லையா என்பது தெளிவாகும்.

அவ்வாறு ஒப்பிட்டபோது, மரபணுவால் சி.ஆர்.பி. மிகுந்தவர்களுக்கு இதயநோய் மிகவில்லை. அது மணி மட்டுமே. ஆனால் இன்டர்லூக்கின்-6 என்னும் அழற்சித் தூதுவனின் ஏற்பியில் குறிப்பிட்ட மரபணு மாறுபாடு உடையோருக்கு இதயநோய் சற்றுக் குறைவாக இருந்தது. அழற்சி என்னும் பாதை உண்மையிலேயே நோய்க்குக் காரணமாகிறது என்பதற்கு அது சான்றாயிற்று. 2017ஆம் ஆண்டு வெளியான கான்டோஸ் ஆய்வு இதனை மருந்தின் வழியே உறுதிப்படுத்தியது. முன்னரே மாரடைப்பு வந்த பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். கொலஸ்ட்ராலைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி மருந்தினால், மீண்டும் இதயநோய் நிகழ்வுகள் ஏற்படுவது ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தது. எனினும் உயிருக்கு ஊறு செய்யும் தொற்றுகள் அம்மருந்து பெற்றோரிடம் சற்று மிகுந்தன. காவற்படையை அடக்குவதற்கும் ஒரு விலை உண்டு என்பது அதன் பாடம்.

'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். பற்றியும் இதே முறை ஒரு தெளிவைத் தந்தது. மரபணுவால் எச்.டி.எல். மட்டும் மிகுமாறு பிறந்தோருக்கு மாரடைப்பு குறையவில்லை. ஆகவே, 'எச்.டி.எல். நன்றாக உள்ளது, எல்.டி.எல். எவ்வளவு இருந்தால் என்ன' என்று ஆறுதல் அடைவது தவறான கணக்கு. ஒரு தலைப்பின் வரவைக் காட்டி மற்றொரு தலைப்பின் கடனைத் தள்ளுபடி செய்ய இயலாது.

சில்லறையாகச் சேரும் கடன்

இதுவரை கூறியவை தனித்தனியே வலிமை மிக்க மாறுபாடுகள். பெரும்பாலான குடும்பங்களில் இதயநோய் இவ்வாறு ஒரே மரபணுவால் வருவதில்லை. ஒவ்வொன்றும் மிகச் சிறிய விளைவை உடைய எண்ணற்ற மாறுபாடுகள் சில்லறைக் கடன்கள் போலச் சேர்ந்து, மொத்தத்தில் ஒரு பெருந்தொகையாகின்றன.

அத்தகைய மரபுச் சுமை மிகுந்தவர் நல்வாழ்க்கை முறையால் பயன் பெறுவாரா? 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று 55,685 பேரின் விவரங்களைக் கொண்டு இதற்கு விடை தந்தது. மரபுச் சுமை மிகுந்தோருக்கு இதயத் தமனி நோய் ஏற்படும் வாய்ப்பு, அது குறைந்தோரைவிட 91 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இது முதற்செய்தி. புகைக்காமை, உடல் பருமன் இன்மை, ஒழுங்கான உடலுழைப்பு, நல்லுணவு ஆகிய நான்கனுள் மூன்றையேனும் கடைப்பிடித்தவர்களுக்கு, மரபுச் சுமை மிகுந்திருந்தும், அவற்றைக் கடைப்பிடிக்காதோரைவிட அவ்வாய்ப்பு 46 விழுக்காடு குறைந்தது. இது இரண்டாம் செய்தி. பலர் முதற்செய்தியை மட்டும் கேட்டு மனம் தளர்கின்றனர்.

இந்தியர்களாகிய நமக்கு மற்றொரு தரவும் முக்கியமானது. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் விவரங்களின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது; பிற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 வயதில். ஆறு ஆண்டுகள் முந்தி வருகிறது என்பது பொருள். பிள்ளைகளின் கல்விக் கடனும் வீட்டுக் கடனும் நிலுவையில் இருக்கும் வயது அது. அதே ஆய்வு, புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு முதலிய ஒன்பது காரணிகளே உலகெங்கும் மாரடைப்புக்கான ஆபத்தில் பெரும்பகுதிக்குப் பொறுப்பு என்றும், அவையனைத்தும் மாற்றத்தக்கவை என்றும் காட்டியது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, குடும்ப வரலாற்றை எழுதுக. ஒரு முழுத் தாளில் தாத்தா, பாட்டி, பெற்றோர், பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, உடன்பிறந்தோர் ஆகிய அனைவரையும் குறித்து, யாருக்கு எந்த வயதில் மாரடைப்பு, பக்கவாதம், திடீர் மரணம் நேர்ந்தது என்று பதிவு செய்க. ஆண்களுள் 55 வயதிற்கு முன்பும் பெண்களுள் 65 வயதிற்கு முன்பும் இதயநோய் வந்திருந்தால் அதனை அடிக்கோடிடுக. வீட்டின் மூத்தோரிடம் கேட்டால் அரை மணி நேரத்தில் இப்பணி முடிந்துவிடும். அவர்கள் மறைந்த பின்னர் அதனைக் கேட்டறிய வழியில்லை.

இரண்டாவதாக, சோதனைத் தாளில் எல்.டி.எல். எண்ணை நோக்குக. வயது வந்தோருக்கு, மருந்து உட்கொள்ளாத நிலையில், அது 190 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் குடும்பவழி உயர் கொலஸ்ட்ரால் இருக்கக்கூடுமா என்று மருத்துவரிடம் கேட்பது தகும். இளவயதில் இதயநோய் கண்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது 160ஐக் கடந்தாலே ஐயம் கொள்ள வேண்டும். குதிகாலின் பின்புறத் தசைநாண் தடித்திருத்தல், 45 வயதிற்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெண்வளையம் தோன்றுதல் ஆகியவையும் அதன் அடையாளங்கள். ஆனால் அடையாளம் ஏதுமின்றியும் இந்நிலை இருக்கும். குருதிச் சோதனையே உறுதி தரும். லிப்போபுரோட்டீன்-ஏ அளவை ஒரு முறை சோதிப்பது குறித்தும் அப்போதே கேட்டுக்கொள்க.

மூன்றாவதாக, ஒருவருக்கு உறுதியானால் குடும்பத்தார் அனைவரையும் சோதிக்க. நெதர்லாந்து நாட்டில் 1994ஆம் ஆண்டு முதல் இதனையே ஒரு தேசியத் திட்டமாக நடத்தினர். ஒரு நோயாளி கண்டறியப்பட்டால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எனச் சங்கிலித் தொடராகச் சென்று சோதித்தனர். அந்நாட்டில் இந்நிலையுடன் பிறந்து, சிறு வயதிலேயே ஸ்டாட்டின் சிகிச்சை தொடங்கிய 214 பேரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2019இல் வெளியானது. 39 வயதளவில் அவர்களுள் 1 விழுக்காட்டினருக்கே இதயநோய் நிகழ்வு ஏற்பட்டது. அதே மரபணுவைத் தந்த அவர்களுடைய பெற்றோருக்கு அதே வயதில் அது 26 விழுக்காடு. பெற்றோருள் 7 விழுக்காட்டினர் அவ்வயதிற்குள் இதயநோயால் இறந்திருந்தனர். பிள்ளைகளுள் ஒருவரும் இறக்கவில்லை. ஒரே குருதி, ஒரே மரபணு, ஒரு தலைமுறை இடைவெளி. 'எழுதி வைத்தது அவ்வளவுதான்' என்பதற்கு இதைவிடத் தெளிவான மறுமொழி இல்லை.

நான்காவதாக, விளம்பரங்களைக் கண்டு மரபணுச் சோதனைக்குப் பெருந்தொகை செலவிடத் தேவையில்லை. குடும்பத்தில் குறிப்பிட்ட ஒரு மாறுபாடு கண்டறியப்பட்டிருந்தால், உறவினருக்கு அதனைச் சோதிப்பது பயன் தரும். ஆனால் பல மாறுபாடுகளைக் கூட்டித் தரப்படும் மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மரபினரின் தரவுகளைக் கொண்டு அமைக்கப்பட்டவை. நமக்கு அவை அதே துல்லியத்துடன் பொருந்துவதில்லை. எளிய குருதிச் சோதனையும் உண்மையான குடும்ப வரலாறும் நம்மில் பெரும்பாலோருக்கு முதற்படியாகப் போதுமானவை.

ஐந்தாவதாக, மருத்துவர் அளித்த மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர். அளவு குறைந்துவிட்டது என்று பலரும் நிறுத்திவிடுகின்றனர். மாத்திரையால்தான் அது குறைந்தது, மரபணு மாறவில்லை. தவணை ஒழுங்காகச் செலுத்தப்படுவதால் கடனே இல்லை என்று எண்ணி மறுமாதம் தவணையை நிறுத்துவதற்கு இஃது ஒப்பாகும். பக்க விளைவு என ஐயம் தோன்றினாலும், கருவுற எண்ணும் பெண்களாயினும், மருத்துவரைக் கலந்தே முடிவு செய்தல் வேண்டும்.

இறுதியாக, காப்பீட்டுப் படிவத்தின் அந்தக் கட்டத்தை உண்மையுடன் நிரப்புக. சிறிது கூடுதலாகப் பிரீமியம் செலுத்த நேரலாம். ஆனால் மறைக்கப்பட்ட ஓர் உண்மை, பிற்காலத்தில் துயருற்ற குடும்பத்தின் கோரிக்கையையே கேள்விக்குள்ளாக்கக்கூடும்.

நிறைவாக

மருத்துவ முகாமின் அந்த உரையைக் கேட்டுச் சில வாரங்களில், வைப்புத் தொகையைப் புதுப்பிக்க அந்த அம்மையார் நம் கிளைக்கு வந்தார். கணவரை இழந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இத்தகைய செய்தியை வங்கி அலுவலர் கூறுவது முறையா என்ற தயக்கம் நமக்கு இருந்தது. எனினும், "அம்மா, பிள்ளைகள் இருவருக்கும் ஒரு முறை கொழுப்புச் சோதனை செய்து பாருங்கள், அப்பாவும் தாத்தாவும் காலமான வயதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்" என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அவன் விளையாட்டுப் பிள்ளை, சார். அவனுக்கு எதற்கு?" என்றார். ஆயினும் சென்று சோதித்தார்.

மகனுக்கு எல்.டி.எல். 236 மில்லிகிராம் இருந்தது, மகளுக்கு 92. நாணயம் ஒருவருக்கு ஒரு பக்கமும் மற்றவருக்கு மறுபக்கமுமாக விழுந்திருந்தது. மகனுக்குப் பதினாறு வயதிலேயே சிகிச்சை தொடங்கியது. இப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. சென்ற ஆண்டு முதல் ஊதியம் பெற்றதும் தம் பெயரில் காப்பீடு எடுப்பதற்காக அவரே படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தார். குடும்ப வரலாற்றுக் கட்டத்தில் தந்தை 41, தாத்தா 46, இருவருக்கும் மாரடைப்பு என்று தெளிவாக எழுதி, தம் எல்.டி.எல். அளவையும் உட்கொள்ளும் மாத்திரையையும் கீழே குறித்திருந்தார். அந்தக் கட்டம் அவ்வளவு முழுமையாக நிரப்பப்பட்டதை நம் பணிக்காலத்தில் அதற்கு முன்பு நாம் கண்டதில்லை.

முன்னோர் வைத்துச் செல்லும் தொடக்க இருப்பை நாம் தேர்ந்தெடுக்க இயலாது. அது வரவா, கடனா என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள இயலும். தெரிந்த பின் ஒழுங்காகத் தவணை செலுத்தவும் இயலும். இவ்வார விடுமுறையில் வீட்டின் மூத்தோரருகே ஒரு தாளுடன் அமருமாறு வாடிக்கையாளர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.